இரண்டரை விரல்

திரை மறுபடியும் சிவந்தது. உணவுக்கூடத்து மூலையில் வேலையாட்களுக்கென்று வைத்திருந்த கணினி அது. வேலை மாற்றம் வேண்டுமென்றால் இனி அதில்தான் கேட்க வேண்டுமாம். ‘இழந்த விரல்கள் எத்தனை’ என்ற கட்டத்தில் ‘இரண்டரை’ என்று அடித்திருந்தேன். நாற்பதைத் தாண்டி மாலை வகுப்பில் கற்ற எழுத்து. ஒவ்வொன்றையும் தேடித் தேடித்தான் அடிக்க வேண்டும். எண்ணாகப் போடு என்றது சிவப்பு வரி. 2.5 போட்டேன். முழு எண் மட்டும் என்றது.

இரண்டுக்கு மேல் போயிருந்தால்தான் தகடு அழுத்தும் பிரஸ் மெஷினிலிருந்து எடுத்து பேக்கிங்கில் போடுவார்கள். இரண்டு என்றால் நடுவிரலில் போன பாதி கணக்கில் வராது. மூன்று என்றால் மருத்துவர் கையைத் திருப்பிப் பார்த்துப் பொய் என்பார். மிச்சமிருந்த பாதியில் உணர்ச்சியும் இல்லை. தகடு வழுக்கினால் கண்ணால் பார்த்துத்தான் தெரியும்.

"என்ன ரெண்டரை, இன்னைக்கும் செவப்புதானா?" பின்னால் தட்டோடு நின்ற வெல்டர் கேட்டான். அங்கே எனக்கு ‘ரெண்டரை’ என்றுதான் பெயர். "அரைய வீட்டுல வச்சுட்டு வாய்யா, எடுத்துக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

அந்தப் படிவத்தைச் செய்யும் அறையில்தான் என் மச்சினனுக்கு வேலை. எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தான். விபத்தன்று வேலையை விட்டு ஓடி வந்து, துணி சுற்றிய என் கையை மடியில் வைத்துப் பிடித்தபடி மருத்துவமனை வரை வந்தவன். அன்று மாலை அவனிடம் சொன்னேன்.

"அது ஸ்கீமா பிரச்சனை மாமா. எந்தக் கட்டத்துல எண்ணு, எதுல தேதின்னு ஒரு சட்டம் இருக்கு. மாறி வந்தா செவந்துடும். விடுங்க, நான் பாத்துக்கறேன். நாளைக்கு மறுபடி அதையே போடுங்க."

மறுநாள் அதையே போட்டேன். பக்கம் பச்சையானது. ‘பெற்றுக்கொண்டோம், நன்றி’ என்றது. வெல்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். வீட்டுக்குப் போனதும் மனைவியிடம், "உன் தம்பி கெட்டிக்காரன்டி," என்றேன். அன்றைக்கு அவள் முகத்திலிருந்த பெருமையைப் பார்த்திருக்க வேண்டும்.

இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. நானே படித்தேன். ‘காயம் எதுவும் குறிப்பிடப்படவில்லை. பழைய இயந்திரத்திலேயே தொடரவும்.’ எழுத்தை ஏதாவது விட்டுவிட்டேனோ என்று விரல் வைத்து மறுபடி படித்தேன். ஒன்றையும் விடவில்லை.

மச்சினன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தாளை அவன் பக்கத்தில் வைத்தேன். குனிந்து பார்த்தான், நிமிரவில்லை.

"எங்க போச்சு மாப்ள, நான் போட்டது?"

"முழு எண்ணா இல்லாம வேற ஏதாவது வந்தா அந்தக் கட்டத்த காலியாக்கி அனுப்பற மாதிரி மாத்தினேன் மாமா. எல்லாருக்கும் செவப்பு செவப்பா வந்துச்சு. படிவம் சரியில்லன்னு மேல புகார் போயிட்டே இருந்துச்சு. என் வேலையே போயிருக்கும்."

"காலின்னா?"

"அவங்களுக்கு… கையில ஒண்ணும் ஆகலன்னு தெரியும்."

"இது தெரிஞ்சுதான் மறுபடி போடுங்கன்னு சொன்னியா?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். பிசைய அதில் ஒன்றும் மிச்சமில்லை. "கையப் பாத்தா அவங்களே புரிஞ்சுப்பாங்கன்னு நெனச்சேன்," என்றான். காயமே இல்லையென்று போனவனின் கையை யார் பார்ப்பார்கள்? பார்க்க வேண்டாமென்றுதானே படிவம் வைத்தார்கள்?

சிவப்பாக இருந்தவரைக்கும் நான் சொன்னது யாருக்கோ இடித்துக்கொண்டாவது இருந்தது. அதையும் என் வீட்டுச் சோற்றைத் தின்றபடியே துடைத்துவிட்டான். என்னை வெறுக்கிறவன் செய்திருந்தால் தாங்கியிருப்பேன்.

மனைவி கரண்டியோடு வாசல்நிலையில் நின்றிருந்தாள். "சாப்பிடும்போது எதுக்கு?" என்றாள். எனக்குச் சொன்னாளா, அவனுக்குச் சொன்னாளா, தெரியவில்லை. அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

காலையில் பிரஸ் முன்னால் நின்றேன். வெல்டர் தூரத்திலிருந்து கையை உயர்த்தினான். தகட்டை உள்ளே நுழைத்தேன். அரை விரல் ஓரத்தைப் பிடித்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். மெஷின் தலையில் பச்சை விளக்கு எரிந்தது. மிதித்தால் மெஷின் இறங்கும் மிதிகட்டைக்கு மேலே தூக்கிய கால் அப்படியே நின்றது.