சன்னலோரப் பெண்ணின் கணவர்

அருங்காட்சியகத்தில் அவனுக்கு 'ரீல்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சம்பளத்தன்று மட்டும்தான் யாராவது கூப்பிடுவார்கள். வருகிறவர்களுக்கு ஓவியங்களைச் சுற்றிக்காட்டுவது அவன் வேலை. மற்ற வழிகாட்டிகளிடம் மாட்டிய கூட்டம் இரண்டாவது அறையிலேயே ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ளும். இவனுடைய கூட்டமோ கடைசி அறைவரை வாயைப் பிளந்துகொண்டு பின்னால் வரும். எந்த ஓவியத்துக்கும் அவனிடம் ஒரு கதை இருந்தது. மூலையில் படுத்திருக்கும் நாய்க்குக்கூட ஒரு முன்கதை சொல்வான். பாதி உண்மை, பாதி கைச்சரக்கு. எது எந்தப் பாதி என்பது அவனுக்கே மறந்துபோய் வெகுகாலம் ஆகியிருந்தது.

அந்த மாதம், காலமாகிவிட்ட ஓர் ஓவியரின் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. மாடியில் ஓவியங்கள், கீழ்த்தளத்துச் சின்ன அரங்கில் ஓவியரைப் பற்றிய ஆவணப்படம். கண்காட்சிக்குப் பொறுப்பாக இருந்த மேடம், வழிகாட்டிகள் எல்லோரும் அந்த ஆவணப்படத்தை முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார். பார்த்துவிட்டேன் என்று சொல்லிவிட்டான். பார்க்கவில்லை. அவர் கொடுத்த குறிப்புகளையும் மேலோட்டமாகப் புரட்டியதோடு சரி. அதில் அவன் கண்ணில் பட்டது ஒரே ஒரு தகவல்: 'சன்னலோரப் பெண்' என்ற ஓவியத்தின் மரச்சட்டத்தைச் செய்தவர், அந்தப் பெண்ணின் கணவர்.

அவனுக்கு அது போதும்.

சன்னல் பக்கம் திரும்பி ஓர் இளம்பெண் உட்கார்ந்திருக்கும் ஓவியம் அது. தோளில் மஞ்சள் சால்வை. முகத்தில் ஒரு பாதிதான் தீட்டப்பட்டிருக்கும். மறுபாதி வெறும் கோடாக நிற்கும். ஓவியருக்கும் அவளுக்கும் தொடுப்பு இருந்தது என்று முதல் நாளே கதை கட்டிவிட்டான். ஒரு நாள் கணவன் வேளை தவறி வீட்டுக்கு வந்துவிட, ஓவியர் தூரிகையைப் போட்டுவிட்டுப் பின்வாசல் வழியாக ஓடினாராம். அதனால்தான் பாதி முகமாம். கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கும்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது, ஆவணப்படத்துக்குச் சிறப்புத் திரையிடல் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தார்கள். அன்றைக்கு அவன் மனைவி தன் அண்ணனோடு வந்திருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் வேலை பார்க்கும் இடத்தை அவள் பார்த்ததில்லை. அந்த மச்சானுக்கோ இவன் வேலை ஒரு வேலையாகவே பட்டதில்லை. "சுவத்தைக் காட்டிப் பேசுறதுக்கு ஒரு உத்தியோகம்" என்று விசேஷ வீடுகளில் சொல்லிச் சிரிக்கிற ஆள். அந்த வாயை இன்றைக்கு அடைத்துவிட வேண்டும் என்று அவனுக்குள் ஒரு முறுக்கு.

சன்னலோரப் பெண்ணின் முன்னால் கூட்டம் நின்றது. வழக்கமான கதையைச் சொன்னான். மச்சான் முகத்தில் லேசாகச் சிரிப்பு எட்டிப்பார்த்தது. அந்த ஊக்கத்தில், அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சேர்த்தான்.

"இந்தச் சட்டத்தைப் பாருங்க. எவ்வளவு அழகா இழைச்சிருக்காரு! செஞ்சவரு யாரு? அந்தப் பொண்ணோட புருஷன். தன் மானம் போனதுக்குத் தானே அளவெடுத்து, தானே ஆணியடிச்சுக் கொடுத்த ஒரே மனுஷன் உலகத்துலயே இவருதான். அப்பாவி!"

மச்சான் கண்ணில் நீர் வரச் சிரித்தார். மனைவிகூட வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் நெஞ்சு நிமிர்ந்தது.

கூட்டம் அடுத்த அறைக்கு நகர்ந்தபோது ஒரு பெரியவர் மட்டும் அங்கேயே நின்றார். நன்றாகத் தேய்த்த சட்டை, தடித்த விரல்கள். சட்டத்தின் மூலை இணைப்பையே பார்த்துக்கொண்டிருந்தவர், அவன் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"இதெல்லாம் எங்க எழுதியிருக்கு தம்பி?"

"எழுதுற விஷயமா சார் இது? உள்ளுக்குள்ள இருக்கிற எங்களுக்குத்தான் தெரியும்" என்று கண்ணடித்தான்.

பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

பிற்பகலில் திரையிடல். அரங்கின் வாசலைப் பார்த்துக்கொள்கிறவருக்கு உடம்பு சரியில்லை என்று மேடம் அவனை அங்கே நிறுத்தினார். காலையில் சுற்றிவந்த கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். மனைவியும் மச்சானும் நடுவரிசையில் இருந்தார்கள். விளக்கு அணைந்தது. கதவுக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்றபடி, அந்த ஆவணப்படத்தை அவன் முதல்முறையாகப் பார்த்தான்.

பாதி ஓடியிருக்கும். திரையில் ஒரு மரப்பட்டறை வந்தது. சீவல்களுக்கு நடுவே ஒருவர் உளி பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். முடி அவ்வளவாக நரைத்திருக்கவில்லை. ஆனால் விரல்கள் காலையில் பார்த்த அதே தடித்த விரல்கள்.

தங்களுக்கு ஒரு குழந்தை பிறந்து, பெயர் வைப்பதற்கு முன்பே இறந்துபோனதைத் திரையிலிருந்தவர் சொன்னார். அதற்குப் பிறகு மனைவி சன்னலைவிட்டு எழுந்திருக்கவே மாட்டாளாம். பேச்சும் நின்றுவிட்டதாம். "நானும் வேலைக்குப் போய்த்தான ஆகணும்? ஓவியருக்கு நான்தான் சட்டம் போட்டுக் கொடுப்பேன். அவர்கிட்டதான் போய்க் கேட்டேன். ஐயா, அவ எப்படியும் உக்காந்துதான் இருக்கா, நீங்க வந்து வரைஞ்சுக்கிட்டிருங்க, கூட ஒரு ஆள் இருந்தாப் போதும்னு. மறுபேச்சு பேசாம வந்தாரு மனுஷன். தினமும் வந்தாரு."

பாதி முகம் ஏன் என்று ஆவணப்படத்தில் யாரோ கேட்டார்கள்.

"ஒரு நாள் நானும் வீட்டுல இருந்தேன். அவர் வரைஞ்சுக்கிட்டு இருக்கும்போதே எழுந்திரிச்சா. நேரா அடுப்படிக்குப் போயி எங்க ரெண்டு பேருக்கும் காபி போட்டுக் கொண்டாந்தா. அவர் தூரிகையைக் கீழ வெச்சிட்டாரு. போதும், இனி இதுக்கு மேல வேண்டாம்னுட்டாரு."

இருட்டில் ஒன்றிரண்டு தலைகள் கதவுப் பக்கம் திரும்பின. மச்சானின் தலையும் திரும்பியது. மனைவி திரும்பவில்லை. அதுதான் அவனை என்னவோ செய்தது. ஓடிவிடலாம் என்றால், கதவைத் திறந்தால் வெளிச்சம் விழும். எல்லோரும் பார்ப்பார்கள். காதுவரை சூடேற, அப்படியே நின்றான்.

விளக்குகள் எரிந்ததும், ஒரு தம்பதியை மேடம் கைத்தாங்கலாக முன்னால் அழைத்துவந்தார். காலையில் பார்த்த பெரியவர். பக்கத்தில் அவர் மனைவி. அந்த அம்மாளுக்குக் கண் பார்வை ஏறக்குறைய போய்விட்டிருந்தது. ஓவியத்தைப் பார்க்க முடியாது, மாடி ஏறவும் முட்டி இடம் கொடுக்காது. ஆவணப்படத்தைக் காதால் கேட்கலாம் என்றுதான் வந்ததாகச் சொன்னார். பிறகு ஒலிவாங்கி கையில் இருப்பதை மறந்து, வீட்டில் பேசுவதுபோலக் கணவரிடம் கேட்டார்.

"ஏங்க, காலையில மேல போனீங்களே, நம்ம படத்தைப் பத்தி என்ன சொல்றாங்க?"

பெரியவர் அரங்கைச் சுற்றிப் பார்த்தார். கதவருகே வந்து அவர் பார்வை நின்றது.

"சொன்னவரே இருக்காரு. அவர்கிட்டயே கேட்டுக்க" என்றார்.

மேடம் ஒன்றும் அறியாமல் ஒலிவாங்கியை அவனிடம் கொண்டுவந்து கொடுத்தார். காலையில் கூடவந்த அத்தனை பேரும் அவன் வாயையே பார்த்தார்கள். தப்பாகச் சொல்லிவிட்டேன் அம்மா என்று சொல்லத்தான் நினைத்தான். வாய் தன் பழக்கத்துக்குப் போனது. ஒரு தாயின் துக்கத்தைப் பற்றிச் சொல்கிறோம் என்றான். மனைவியைத் தனியே விடாத ஒரு கணவரைப் பற்றிச் சொல்கிறோம், சட்டத்தில் தெரிகிற அன்பைப் பற்றிச் சொல்கிறோம் என்றான். சற்றுமுன் திரையில் கேட்டதையே குரலில் ஏற்ற இறக்கத்தோடு திருப்பிச் சொன்னான். குரல் தழுதழுக்க வேண்டிய இடத்தில் தழுதழுக்கவும் செய்தது.

யாரும் சிரிக்கவில்லை. காட்டிக்கொடுக்கவும் இல்லை.

"நல்லாச் சொல்றீங்க தம்பி. ரொம்ப சந்தோஷம்" என்றார் அந்த அம்மாள். முன்வரிசையில் ஒருவர் தரையைப் பார்த்துக்கொண்டே கை தட்டினார்.

வண்டிக்காகத் தம்பதியர் வெளித் தாழ்வாரத்தில் காத்திருந்தார்கள். அந்த அம்மாள் நாற்காலியில் இருந்தார். பெரியவர் சற்றுத் தள்ளி நின்ற நேரம் பார்த்து அவரிடம் போனான். மன்னிச்சிடுங்க ஐயா என்றான். அம்மாவிடமும் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுவதாகச் சொன்னான்.

"எதுக்கு?" என்றார் பெரியவர். குரலில் கோபமே இல்லை. "சொன்னா உங்க மனசு லேசாயிடும். அவளுக்கு? அந்தப் படம் ஒண்ணுதான் அவளுக்கு அந்தக் குழந்தையோட ஞாபகம். அதுல இதை வேற கொண்டுவந்து ஒட்டணுமா? வேண்டாம். நீங்களே வெச்சுக்கங்க."

வண்டி வந்தது. மனைவியின் கையைப் பிடித்து ஏற்றிவிட்டு அவரும் ஏறிக்கொண்டார். அவன் பக்கம் திரும்பவில்லை.

மேடத்தின் அறைக்குப் போனபோது, யார் சொன்னார்களோ, அவருக்கு ஏற்கெனவே விஷயம் தெரிந்திருந்தது. ஆவணப்படத்தைப் பார்த்தேன் என்று சொன்னீர்களே என்று மட்டும் கேட்டார். நாளையிலிருந்து பைகளை வாங்கி வைக்கிற இடத்தில் உட்காரச் சொன்னார். மற்றதைக் கண்காட்சி முடிந்த பிறகு பார்க்கலாமாம். சரி என்றான். இன்னும் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது.

மச்சானின் காரில் வீடு திரும்பினார்கள். கிண்டலுக்கு அவருக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. அவரோ சாலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இறக்கிவிடும்போது, "வரேன் மாப்ள" என்று வழக்கத்தைவிட மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்குள் வந்ததும் மனைவி உலையை வைத்தாள். முதுகைக் காட்டியபடியே கேட்டாள்.

"என்னங்க, என்னைப் பத்தியும் அங்க ஏதாச்சும் சொல்லி வெச்சிருக்கீங்களா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். வரவில்லை.

"ம்" என்றான்.

"என்னன்னு?"

பெண் பார்த்து, பேசி முடித்து நடந்த கல்யாணத்தை ஓடிப்போய்ச் செய்துகொண்ட கல்யாணமாக்கியிருந்தான். அவள் அண்ணன் கட்டையோடு துரத்தியதாகவும், அவள் ஓடுகிற பேருந்தில் குதித்து ஏறியதாகவும் சொல்லியிருந்தான். உணவு இடைவேளையில் கூட வேலை பார்ப்பவர்கள் கேட்டுக் கேட்டு ரசிப்பார்கள்.

"அதான் இன்னைக்கு அந்த டிக்கெட் கொடுக்கிற பொண்ணு என்னை மேலயும் கீழயும் பாத்துச்சா" என்றாள். பிறகு அடுப்பைத் தணித்துவிட்டு, அவனுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"சரி, சொல்லுங்க. முதல்லேர்ந்து சொல்லுங்க. அவங்ககிட்ட எப்படிச் சொன்னீங்களோ அப்படியே."

சொன்னான். எந்தெந்த இடத்தில் அவர்கள் சிரித்தார்களோ, அந்த இடங்களையும் விடாமல் சொன்னான். அவள் ஓர் இடத்திலும் குறுக்கே பேசவில்லை.