வீட்டைத் திருப்பிய அந்தர்பல்டி

தலாஸ் பள்ளத்தாக்கில், கோக்புலாக் கிராமத்தில், சகின்பெக்கின் வீடு முதல் பனி விழுந்த வாரத்தில் தெற்கிலிருந்து மேற்காகத் திரும்பத் தொடங்கி, புத்தாண்டுக்குள் முழுசாக வடக்குப் பார்த்து நின்றுவிட்டது. அந்த வருஷம் பயறு விலையும் படுத்துவிட்டதால், கடையில் இரண்டையும் ஒரே மூச்சில் பேசிக்கொண்டார்கள். காரணம் ஊருக்கே தெரியும். சகின்பெக்கின் மகள் புருல்சா, சொல்லித்தர ஆளில்லாமல் திருகுபல்டி பழகிக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் தலந்த் மாஸ்டர் அவளுக்குப் பின்னால் அடிக்கும் அந்தர்பல்டி வரைக்கும் கற்றுக்கொடுத்திருந்தார். அந்தரத்தில் உடம்பை ஒரு சுற்றுத் திருகி இறங்குவதைத் திரும்பி வந்து சொல்லித்தருவதாகச் சொல்லிவிட்டு மாஸ்கோவுக்கு டாக்சி ஓட்டப் போனவர், போனவர்தான். கூடம் பயறுக் கிடங்காகிவிட்டது. படிப்பை முடித்த புருல்சா, முன்பு மெத்தை விரித்திருந்த அதே தரையில் உட்கார்ந்து பயறு பொறுக்கினாள். கை பயற்றில் இருக்கும், கால் இரண்டும் பல்டியை நினைத்துத் துடித்துக்கொண்டிருக்கும். ஒரு தடவை அவருக்குப் போன் செய்தாள். "வந்து சொல்றேம்மா, இப்ப வண்டில ஆளிருக்கு" என்று ஹாரன் சத்தத்துக்கு நடுவே சொல்லிவிட்டு வைத்துவிட்டார். எரிச்சலில் அவளே வீட்டுக்குப் பின்னாலிருந்த புல்போரில் இறங்கிப் பழக ஆரம்பித்தாள். அந்தப் புல், இரண்டு மாடும் ஒரு குதிரையும் குளிர்காலத்தைத் தாண்டுவதற்காகச் சேர்த்தது.

திருகுபல்டியில் முதலில் மேலே போக வேண்டும், திரும்புவது அப்புறம். இதைச் சொல்ல ஆள் இல்லாததால், குதிகால் தரையில் இருக்கும்போதே அவள் தோளை இடப்பக்கம் வெட்டித் திருப்பினாள். ஆக, திருப்பத்தைக் காற்றில் எடுக்காமல் தரையிடமிருந்து பிடுங்கினாள். தரை சும்மா கொடுக்குமா? அவள் இடப்பக்கம் திரும்பிய போதெல்லாம் வீடு வலப்பக்கம் ஒரு சாண் நகர்ந்தது. மண்கல் வீடு, படுத்த மாடு எழுந்திருப்பதுபோல முனகிக்கொண்டே நகரும். கொட்டிலும் வேலிக்கதவும் கொல்லைக் கடைசியில் இருந்த கழிப்பறையும் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. வாசலிலிருந்து கழிப்பறை நாளுக்கு நாள் தூரமாகிப் போனதுதான் வீட்டாருக்குப் பெரிய குறை. மின்கம்பி புகைபோக்கியைச் சுற்றிக்கொண்டது. லைன்மேன் வந்து பார்த்தார், வாய்க்குள் ஏதோ திட்டினார், பிரித்துக் கட்டிவிட்டுப் போனார்.

அம்மா பாத்மா மாவு பிசையும்போதெல்லாம் அடுப்பு நகர்ந்து போனது. "பாழாப்போன பல்டி! எண்ணெய்ச் சட்டிய எங்கடி வைக்கிறது, உன் தலையிலயா?" என்று உள்ளேயிருந்து கத்துவாள். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஜுமாதில் தன் பங்குக்கு விசாரிப்பார். "என்ன சகின்பெக் அண்ணே, மலையப் பாத்தாப்புல உக்காந்துட்டீங்க? சூரியனோட ஏதும் மனஸ்தாபமா?"

மனஸ்தாபம் மகளோடுதான். வடக்குப் பார்த்த ஜன்னலில் பனிக்கட்டி விரல் தடிமனுக்கு ஏறியது. எவ்வளவு நிலக்கரி போட்டாலும் பாத்மாவின் மூட்டுவலி அடங்கவில்லை.

"வலப்பக்கம் திரும்பிக் குதிடி. வீடு வந்த வழியே போயிடும்ல?"

"வலப்பக்கம் வராதுப்பா."

"என்ன வராது? கடைக்குப் போறப்ப வலப்பக்கம் திரும்பித்தானே போறே?"

"அது நடக்கிறதுப்பா! தலைகீழா இருக்கிறப்ப இடப்பக்கம் மட்டுந்தான் வருது. நான் என்ன பண்ணட்டும்?"

சகின்பெக் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இடப்பக்கமே குதித்துக் குதித்து, வீட்டை ஒரு முழுச்சுற்றுச் சுற்றி மறுபடி தெற்குக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். ஆனால் புல் தீர்ந்த அன்றோடு பல்டியும் தீர்ந்தது என்று சகின்பெக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உறைந்த தரையில் விழுந்து மகள் கழுத்தை முறித்துக்கொள்வதைப் பார்க்க அவர் தயாராக இல்லை. அதற்குப் பிறகு மாடுகளும் அவளும் போட்டி போட்டார்கள். மாடு தின்னத் தின்ன போர் தாழ்ந்தது, அவள் குதிக்கக் குதிக்க வீடு கிழக்கே வந்தது. ஆனால் திருகு மட்டும் திருந்தவில்லை. ஒவ்வொரு தடவையும் கோணலாகத்தான் விழுந்தாள். வாயில் அப்பிய புல்லைத் துப்பிக்கொண்டு அழுதாள், மாடுகளைத் திட்டினாள், மாஸ்கோவைத் திட்டினாள்.

மாசி மாதக் குளிரில் வீடு கிழக்குப் பார்த்து நின்றபோது, போர் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டிருந்தது. அதைப் பார்த்ததும் புருல்சாவுக்கு முதல் முறையாகப் பயம் வந்தது. பயந்தவள், அடி படாமலிருக்க எவ்வளவு உயரம் முடியுமோ அவ்வளவு உயரம் முதலில் எழும்பினாள். கொட்டில் கூரை கண்ணுக்குக் கீழே தெரிந்த பிறகுதான் திரும்பலாம் என்ற நினைப்பே வந்தது. இடக்கையை மடக்கினாள். வானமும் மலையும் ஒரு சுற்றுச் சுற்றின, இரண்டு காலும் சேர்ந்து இறங்கின. வீட்டுக்குள்ளிருந்து அம்மா கத்தவில்லை. வீடு அசையவே இல்லை.

அவள் சந்தோஷம் அன்று சாயங்காலம் வரைகூடத் தாங்கவில்லை. "நல்லது. இன்னும் கால் சுற்று பாக்கி. பழையபடி தப்பா குதிச்சு முடிச்சுடு" என்றார் சகின்பெக். அவளுக்கும் அம்மாவின் முட்டியை நினைத்தால் பாவமாக இருந்தது. ஆனால் சரியானதைக் கற்ற உடம்பு தப்புக்கு மசியவில்லை. தோள் திரும்புவதற்குள் கால் தானாக எழும்பிவிட்டது. வாரக்கணக்கில் மல்லுக்கட்டி, ஒரு காலையில் வம்படியாகத் தரையில் காலை ஊன்றித் தோளை வெட்டினாள். வீடு ஒரு சாண் முனகி நகர்ந்தது. அடுத்து சரியான திருகை அடித்துப் பார்த்தாள். வரவில்லை. மிச்சமிருந்த புல்லின்மேல் முதுகு அடிபட விழுந்தாள். எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி தப்பானதற்கே நின்றாள். தன்னிடம் இருந்த ஒரே நல்ல பொருளைத் தானே உடைக்கிறாள் என்று அவளுக்குத் தெரிந்தது. கொட்டில் வாசலில் நின்று பார்த்த சகின்பெக்குக்கும் தெரிந்தது.

"நிறுத்துடி!" என்று கத்தினார். "போதும்! வெயிலுக்காக உன் முதுகை உடைச்சுக்குவியா? அறிவிருக்கா உனக்கு?"

"நீங்கதானப்பா சொன்னீங்க!"

"நான் ஆயிரம் சொல்லுவேன்!"

கோடரியை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று உள்ளே போனார். இப்போது தெற்கே பார்த்திருந்த ஜன்னலில்லாத பக்கச் சுவரை ஓங்கி வெட்டினார். மண்கல் பொலபொலவென்று உதிர்ந்து பாத்மாவின் மாவில் கொட்டியது. அவள் போட்ட சத்தத்தில் ஜுமாதில் வேலியைத் தாண்டியே வந்துவிட்டார். சாயங்காலத்துக்குள் கொட்டிலிலிருந்து கழற்றிய ஜன்னலை ஓட்டையில் பொருத்தியாயிற்று, கோணலாக.

பனி உருகுவதற்குள் புருல்சாவுக்குத் திருகு திரும்ப வந்தது. புல் தீர்ந்துவிட்டது, பல்டி தீரவில்லை. வசந்தத்தில் வெறும் தரையிலேயே இறங்கினாள், அப்பா தடுக்கவில்லை. வீடு இன்றும் கிழக்கே, கொஞ்சம் தெற்காகச் சாய்ந்து, சாலைக்கு விலாவைக் காட்டிக்கொண்டுதான் நிற்கிறது. விருந்தாளிகள் சுற்றிக்கொண்டு வருகிறார்கள். மிச்சத்தை எப்போது திருப்பப் போகிறீர்கள் என்று ஜுமாதில் கேட்டால், "உன் வீடா திரும்புச்சு? உனக்கென்ன வலிக்குது?" என்கிறார் சகின்பெக். அந்த ஜன்னல் ஒருநாளும் சரியாக மூடிக்கொண்டதில்லை. மத்தியானம் முழுக்க வெயில் வருகிறது, கூடவே குளிரும் வருகிறது. பாத்மா இரண்டையும் திட்டிக்கொண்டே முட்டியை வெயிலில் நீட்டி உட்கார்ந்திருக்கிறாள்.