புக்கிட் தீமாவில் பத்து நாற்பது

ஆம்ப்ரோஸ் ஓட்டிவரும் ரயில் பத்து நாற்பதுக்கு புக்கிட் தீமா நிலையத்தைக் கடக்கும். நிற்காது. தம்பியைப் பார்க்க உர்சுலாவுக்குக் கிடைப்பது, மிஞ்சிப்போனால் நாலு விநாடி.

அந்த நாலு விநாடிக்காக அவளும் கணவன் சவரிராஜும் ஏழரைக்கெல்லாம் சிராங்கூன் ரோட்டை விட்டுக் கிளம்பிவிட்டார்கள். 1982, ஜனவரி ஒன்று. விடுமுறை. ஓடியது மசாலா மில் சேக் தாவூதின் வேன், ஒரு நாளைக்கு இரவல். ரோட்டில் சின்னப் பள்ளம் வந்தாலும் பின்னாலிருந்து மிளகாய்த் தூள் எழும்பும். இருவரும் சேர்ந்தே தும்முவார்கள்.

"இவ்ளோ சீக்கிரம் போயி என்ன செய்யப்போறோம்?" என்றாள் உர்சுலா.

"ஊர் சுத்தப்போறோம். முதல்ல கிராஞ்சி. அப்புறம் தண்டவாளத்தோட ஒட்டியே திரும்பி வருவோம். அஞ்சு வருஷமா ரயிலையே பாக்காத பொம்பள நீ. கொஞ்சம் பழகிக்க வேணாமா?"

அவள் முறைத்தாள். ஆனால் அவன் சொன்னது உண்மை.

ஐந்து வருடத்துக்கு முன், கோயில் பாதரிடம் நடையாய் நடந்து ஆம்ப்ரோஸுக்கு ஒரு பாங்கு வேலை வாங்கிக் கொடுத்தாள். பதினோராவது நாள் அவன் அதை விட்டுவிட்டு, ஜோகூருக்குப் போய் ரயில்வேயில் எடுபிடியாகச் சேர்ந்துவிட்டான். "நீ ரயில் ஓட்டுறத என் கண்ணால பாக்க மாட்டேன்" என்றாள் அன்று. அதன்பிறகும் கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் வீட்டுக்கு வந்தான், வயிறாரச் சாப்பிட்டான். ரயிலைப் பற்றி மட்டும் பேச்சே கிடையாது. இந்தத் தடவை வரவில்லை. கார்டுதான் வந்தது. ஜனவரி ஒன்றாம் தேதி, முதல் தடவையாக எஞ்சின் தன் கையில், பத்து நாற்பதுக்குப் புக்கிட் தீமா என்று எழுதியிருந்தான். வரச் சொல்லவில்லை. அந்தக் கார்டை உர்சுலா மூன்று நாள் கைப்பையிலேயே வைத்திருந்தாள்.

கிராஞ்சியில் நீரிணைக்கு அந்தப் பக்கம் ஜோகூர் பளிச்சென்று தெரிந்தது. கோப்பி வாங்கிக்கொண்டு வேன் கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்தார்கள். ஒரு சரக்கு ரயில் ஆடி அசைந்து போனது. உர்சுலா பெட்டிகளை எண்ணினாள்.

"இருபத்தி மூணு."

"இருபத்தி நாலு லா."

"கடைசியில வந்தது ரயில் கார்டு உக்கார்ற பெட்டி. அதெல்லாம் கணக்கில்ல."

பழகிவிட்டாள் என்று சவரிராஜ் நினைத்துக்கொண்டான். அப்போதுதான் ஜோகூர் காணாமல் போனது. கறுத்த மழை ஒன்று தண்ணீர் மேல் நடந்து வந்துகொண்டிருந்தது.

"சாங்கி ஏர்போர்ட்டுல சரக்கு ஏத்துறவன் நான். தினம் வானத்த பாக்குறேன். இது இங்க வராது," என்றான்.

இரண்டே நிமிடத்தில் வந்தது.

வேனின் வைப்பர் ஒருமுறை அசைந்துவிட்டுச் செத்தது. ரோட்டோரம் நிறுத்தினான். மழை குறைந்தது, புறப்பட்டான். மறுபடி கொட்டியது, மறுபடி நிறுத்தினான். பத்தாவது மைல், பத்தாங்கட்டையில் ரயில்வே கேட் பக்கத்தில் வந்து நின்றபோது உர்சுலா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

பத்து நாற்பத்தாறு.

அவள் திட்டியிருந்தால் சவரிராஜ் தாங்கியிருப்பான். அவள் கார்டை எடுத்து ஒருமுறை படித்து, மடித்து உள்ளே வைத்தாள்.

"வீட்டுக்குப் போலாங்க," என்றாள் மெதுவாக.

சவரிராஜ் இறங்கினான். கேட்காரர் முத்துசாமி தன் கூண்டு வாசலில் சாவகாசமாகப் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பத்து நாற்பது வண்டி போயி ரொம்ப நேரம் ஆச்சா?"

"எங்க போச்சு? அதுக்கு இன்னும் கேட்டே போடல."

"லேட்டா?"

"லேட்டு என்ன லேட்டு. மணி இப்பத்தான் பத்து பதினாறு."

சவரிராஜ் தன் கடிகாரத்தைக் காட்டினான். முத்துசாமி பார்த்தார், வேனுக்குள் எட்டி உர்சுலாவின் கடிகாரத்தையும் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

"நேத்து ராத்திரி நாடு முழுக்க மணிய அரை மணி முன்னால தள்ளி வைக்கச் சொன்னாங்களே. தள்ளுனது யாரு?"

"நான்தான்," என்றான் சவரிராஜ். "பூசை முடிஞ்சு வந்ததும் சுவர்க் கடிகாரம், அவ வாட்ச், என் வாட்ச், மூணையும் தள்ளி வச்சேன்."

உர்சுலா வேன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"காலைல எழுந்ததும் நானும் மூணையும் தள்ளுனேன்," என்றாள் உர்சுலா. "நீங்க எந்த வேலையத்தான் நான் சொல்லாமலே செஞ்சிருக்கீங்க?"

"போங்க, போங்க. ரெண்டு பேருமா சேந்து அரை மணி சம்பாதிச்சிருக்கீங்க," என்றார் முத்துசாமி.

புக்கிட் தீமா நிலையத்தை அடைந்தபோது நிஜமாகவே பத்து முப்பது. ஒற்றைத் தண்டவாளம். இங்கே ஊழியர் நீட்டும் வளையத்தை ஓடும் எஞ்சினிலிருந்தே டிரைவர் கையில் மாட்டிக்கொள்ள வேண்டும். அது இல்லாமல் அடுத்த நிலையத்துக்கு ஓர் அடி நகரக்கூடாது. ஊழியர் வளையத்தோடு தயாராக நின்றார். உர்சுலா மஞ்சள் குடையைப் பிடித்துக்கொண்டு அவரிடமிருந்து பத்தடி தள்ளி நின்றாள்.

ரோட்டுக்கு மேலே போகும் இரும்புப் பாலத்தில் தடதடவென்று சத்தம். மழைக்குள்ளிருந்து எஞ்சின் வந்தது. ஜன்னலில் ஒரு தலை, ஒரு கை.

உர்சுலா குடையை உயர்த்தி ஆட்டினாள்.

தலை திரும்பியது. கை அப்படியே நின்றது. வளையம் கைக்கு அரை அடி தள்ளிப் போயே போய்விட்டது.

பிரேக் கிறீச்சிட்டது. எட்டுப் பெட்டிகளும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. ஊழியர் வளையத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார். உர்சுலா அவரை முந்திவிட்டாள்.

"குடுக்கிறத ஒழுங்கா வாங்கத் தெரியாதாடா உனக்கு?"

"நீ வந்து நிப்பேன்னு எனக்கு எப்படிக்கா தெரியும்? கைய அங்க நீட்டுறேன், கண்ணு இங்க வந்துருச்சு." ஆம்ப்ரோஸின் முகமெல்லாம் சிரிப்பு. "எட்டுப் பெட்டி ஜனம் உனக்காக நிக்குது பாரு. பாங்குல இருந்திருந்தா ஒரு பியூனையாவது நிறுத்தியிருக்க முடியுமா?"

"வாய மூடு. பசியாறிட்டியா?"

"ஆச்சு. அத்தானையும் இழுத்துட்டு வந்துட்டியா?"

தூரத்தில் சவரிராஜ் தும்மியபடியே கை காட்டினான்.

ஊழியர் மூச்சிரைக்க வந்து வளையத்தை நீட்டினார். இந்தத் தடவை ஆம்ப்ரோஸ் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். பிறகு அக்காவைப் பார்த்தான். கிளம்பலாமா என்று கேட்பது போல.

"ஓட்டுடா," என்றாள். "பாக்கத்தானே வந்தேன்."

எஞ்சின் உறுமியது. உர்சுலா குடையை மடக்கிவிட்டாள். அது கண்ணை மறைத்தது. நனைந்துகொண்டே, கடைசிப் பெட்டி வளைவில் திரும்பும்வரை பார்த்தாள். நாலு விநாடி இல்லை; முழுசாக ஒரு நிமிடத்துக்கு மேலேயே இருக்கும்.

அப்புறம் ஊழியரிடம் வந்தாள்.

"இந்த டிரைவர் திரும்பிப் போறது எத்தனை மணிக்குங்க?"

"நாலு மணி."

"அதப் பாக்கவும் நல்ல இடமா ஒண்ணு சொல்லுங்க."

அவர் இரும்புப் பாலத்துப் பக்கம் கையைக் காட்டினார்.

"அதுக்குக் கீழ ரோட்டோரமா நில்லுங்கம்மா, நல்லாத் தெரியும். குடைய மட்டும் ஆட்டிராதீங்க. ஒரு நாளைக்கு ஒரு ரிப்போர்ட் எழுதுனா எனக்குப் போதும்."