பதினான்கு நாள் அவகாசம்

எங்கள் ஃபோட்டோ ஸ்டுடியோவின் இணையதளத்தைத் திறந்தால் முதலில் அம்மாதான் வருவாள். ஸ்டுடியோ விளக்குக்குப் பக்கத்தில் அவள் பிடித்திருந்த வெள்ளைக் குடை மடங்கித் தலையில் விழ, வாய்விட்டுச் சிரித்தபோது அப்பா எடுத்த படம். அம்மா சிரிக்கிற படம் அது ஒன்றுதான். ஊரார் கல்யாணத்தையெல்லாம் ஓடி ஓடி எடுத்த மனுஷர், டிஸ்க் நிரம்பினால் முதலில் வீட்டுப் படங்களைத்தான் அழிப்பார். "நம்ம ஆளுங்க எங்க போயிடப் போறாங்க, அப்புறம் எடுத்துக்கலாம்" என்பார். அம்மா போய் எட்டு மாதமாகிறது. இப்போதெல்லாம் கடையைத் திறந்ததும் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுத்தான் அப்பா வேலையையே தொடங்குகிறார்.

போன வாரம், இணையத்தில் புகைப்படங்கள் விற்கிற ஒரு கம்பெனியிலிருந்து நோட்டீஸ். அந்தப் படம் அவர்களுடையதாம். அனுமதியில்லாமல் போட்டதற்கு அபராதம் கட்ட வேண்டுமாம். அவர்கள் தளத்தில் தேடிப் பார்த்தால், 'மகிழ்ச்சியான நடுத்தர வயதுப் பெண்' என்று தலைப்புப் போட்டு அம்மாவை விற்றுக்கொண்டிருக்கிறார்கள். எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது.

"யாருப்பா இவங்களுக்குக் குடுத்தது?"

"நான் குடுக்கலம்மா. இலவசமா படம் போடுற சைட் ஒண்ணுல எப்பவோ போட்டேன். யாருக்காவது உதவட்டுமேன்னு."

அங்கிருந்து அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். நல்ல உதவி!

அப்பாவே எடுத்த படம் என்று எழுதினேன். ஒரிஜினல் ஃபைலை அனுப்பச் சொன்னார்கள். அதைத்தான் அழித்தாயிற்றே. இல்லாவிட்டால் படத்தில் இருப்பவர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டுமாம். அதுவும் இல்லையென்றால் படத்தை நீக்கிவிட்டு அபராதத்தைக் கட்ட வேண்டியதுதானாம்.

"அம்மா செத்துட்டாங்கன்னு எழுதிடுறேம்ப்பா. அதுக்கு மேல என்ன கேப்பாங்க?"

"தள்ளு, நான் எழுதுறேன்."

அரை மணி நேரம் அடித்தார், அழித்தார், மறுபடி அடித்தார். என்னைப் பார்க்க விடவில்லை.

மறுநாள் பதில் வந்தபோதுதான் அவர் எழுதியதைப் பார்த்தேன். 'என் மனைவி இப்போது வீட்டில் இல்லை.' அவ்வளவுதான்.

கம்பெனிக்காரன் மரியாதையாகவே எழுதியிருந்தான். 'பரவாயில்லை. அவர் திரும்பி வந்ததும் கையெழுத்து வாங்கி அனுப்புங்கள். பதினான்கு நாள் அவகாசம் தருகிறோம்.'

ஆஸ்பத்திரியில்கூடக் கண் கலங்காத மனுஷர், அந்த வரியைப் படித்துவிட்டு நாற்காலியிலேயே குலுங்கிக் குலுங்கி அழுதார். பேசாமல் அபராதத்தைக் கட்டித் தொலைத்துவிட்டுப் படத்தை நீக்கிவிடலாம் என்று மவுஸைத் தொட்டேன்.

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பதினாலு நாள் குடுத்திருக்காங்கல்லம்மா. அதுவரைக்கும் இருக்கட்டும்."