அரூஸாவின் கை

எங்கள் வண்டி சவாக்கி ரவுண்டானாவுக்குள் நுழையவே நுழையாது. ஓரத்தில் போய் நிற்கும், இடைவெளி கிடைத்ததும் போகலாம் என்று காத்திருக்கும். கெய்ரோவில் இடைவெளி யாருக்கும் கிடைப்பதில்லை. மூக்கை நுழைத்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். மற்ற வண்டிகள் எடுத்துக்கொண்டே இருக்கும், இது பார்த்துக்கொண்டே நிற்கும், பின்னால் ஹாரன் சத்தம் காதைக் கிழிக்கும். பொறுக்க முடியாமல் நானே ஸ்டியரிங்கைப் பிடித்து உள்ளே தள்ளிவிடுவேன். ஓட்டுநர் இல்லாத வண்டி என்று பெயர், ஓட்டுவதென்னவோ நான்.

எப்போதும் குனிந்த தலை நிமிராமல் நிற்பதால் எங்கள் துறையில் அதற்கு அரூஸா, அதாவது மணப்பெண், என்று பெயர் வைத்துவிட்டார்கள். குணமெல்லாம் அதன் மென்பொருளை எழுதிய லுத்ஃபியுடையது. அவனுக்கு என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது குறைவு. கொஷரிக் கடை வரிசையில் அவன் நின்றால், அவனுக்குப் பின்னால் வந்தவர்கள் சாப்பிட்டுக் கைகழுவிக்கொண்டு வெளியே போவார்கள். "அவங்களுக்குப் பசிக்குது போல" என்பான்.

நான் பேருந்துத் தொழிற்சாலையில் பிரேக் சோதிக்கும் பிரிவில் இருந்துவிட்டு, தானியங்கி வண்டிப் பொறியியலில் முதுகலை படிக்க வந்தவள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். என் காரில் ஏறும்போது என் அம்மா கலிமா சொல்லிக்கொண்டுதான் கதவைச் சாத்துவாள். இப்படிப்பட்ட இரண்டு பேரை ஒரே ஆய்வுக்குச் சேர்த்துவிட்ட புண்ணியவான் யார் என்று இன்றுவரை தெரியவில்லை. ஆனால் அந்த ஒன்றரை வருடம் போல நான் சந்தோஷமாக இருந்த காலம் வேறு கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கை யோசனை லுத்ஃபியுடையது. ஒருநாள் ரவுண்டானா ஓரத்தில் அரூஸாவோடு சேர்ந்து நாங்களும் விழித்துக்கொண்டு நின்றபோது, பக்கத்தில் ஒரு டாக்சிக்காரர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினார். ஐந்து விரல்களையும் மொட்டுபோல மேல்நோக்கிக் குவித்து மெதுவாக ஆட்டினார். கொஞ்சம் பொறு, என்னை விடு என்று அர்த்தம். எதிரே வந்த லாரி நின்றது, டாக்சி போய்விட்டது.

"அக்கா, நம்ம வண்டிக்குக் கை இல்ல. அதான் பிரச்சனை" என்றான் லுத்ஃபி.

"உனக்கு மூளை இல்ல, அதுவும் பிரச்சனைதான்" என்றேன். சொன்னேனே தவிர, மறுநாளே துணிக்கடை பொம்மையின் கையை நான்தான் தேடிப்பிடித்து வாங்கிவந்தேன். அதன் விரல்கள் மடங்காததால் விரல்களை மட்டும் நாங்களே செய்து, நரம்புக்குக் கம்பியும் சின்ன மோட்டார்களும் வைத்தோம். பழுப்புக் கையுறை போட்டு, லுத்ஃபியின் பழைய கட்டம்போட்ட சட்டையிலிருந்து ஒரு கையை வெட்டி மாட்டினோம். ஓட்டுநர் பக்கத்துக் கதவில், என் முழங்கையை ஒட்டி அது உட்கார்ந்திருக்கும். தேவைப்படும்போது வெளியே நீளும்.

அசைவைக் கற்றுக்கொடுக்க ஒரு தனி உறை இருந்தது. அதை மாட்டிக்கொண்டு நாம் கையை எப்படி ஆட்டுகிறோமோ, அப்படியே அதுவும் ஆட்டிப் பழகும். முதலில் லுத்ஃபி மாட்டினான். அவன் கேட்ட விதத்தில் யாருமே நிற்கவில்லை, ஒருவர் மட்டும் ஜன்னலை இறக்கி உடம்புக்கு என்ன என்று விசாரித்துவிட்டுப் போனார். அப்புறம் நான் மாட்டினேன். என் கை கேட்டால் கேட்பதுபோல இருக்காது, உத்தரவுபோல இருக்கும். அன்றைக்கே மூன்று தடவை அரூஸா ரவுண்டானாவைச் சுற்றிவந்தாள். லுத்ஃபி வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து கைதட்டினான்.

இறுதிச் சோதனை ஒரு செவ்வாய்க்கிழமை, போக்குவரத்து நன்றாக மண்டும் முற்பகலில். விதி எளிது. ரவுண்டானாவுக்குள் நுழைந்து, ஒரு சுற்றுச் சுற்றி, எதிர்ப்புறச் சாலையில் வெளியேற வேண்டும். பாதுகாப்புக்காக ஓட்டுநர் இருக்கையில் நான் இருப்பேன். ஸ்டியரிங்கையோ பிரேக்கையோ தொட்டால் தோல்வி. இருக்கையைவிட்டு இறங்கினாலும் தோல்வி. தவறினால் சாலை அனுமதி அடுத்த வருடம்தான். எனக்கு அடுத்த வருடம் என்பதே கிடையாது. தொழிற்சாலை கொடுத்த விடுப்பு அந்தக் கோடையோடு முடிகிறது, பட்டம் இல்லாமல் திரும்பினால் பழைய பிரேக் மேசைதான்.

தேர்வாளர் டாக்டர் பஹ்கத் அலெக்சாண்டிரியாவிலிருந்து வந்திருந்தார். விட்டுப்போன கமாவுக்குக்கூட மதிப்பெண் குறைப்பவர் என்று பேர் வாங்கியவர். பின் இருக்கையில் லுத்ஃபியின் பக்கத்தில் உட்கார்ந்து, சட்டை மாட்டிய கையை உற்றுப் பார்த்தார்.

"இது என்னம்மா?"

"வழி கேக்கற கை, டாக்டர்."

"ம்" என்றார். அந்த 'ம்' எனக்குப் பிடிக்கவில்லை.

அரூஸா கிளம்பினாள். என் இரண்டு கைகளும் மடியில், ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. ரவுண்டானா வாயிலில் எங்கள் மூன்றாவது கை வெளியே நீண்டு விரல்களைக் குவித்தது. ஒரு டாக்சி நின்றது. நாங்கள் உள்ளே போனதும் டாக்சிக்காரர் நீளமாக ஹாரன் அடித்தார், வழக்கமான ஹாரன்தானே என்று விட்டுவிட்டேன். உள்வரிசைக்கு மாற மறுபடியும் கை நீண்டது. ஆள் நிறைந்த ஒரு மைக்ரோபஸ் கிறீச்சென்று நின்று வழிவிட்டது. அரூஸா ஜம்மென்று நுழைந்தாள். பின்னாலிருந்து லுத்ஃபி மூச்சுவிடும் சத்தம் கேட்டது.

வெளியேறும் சாலையை எட்டுவதற்குள் அந்த மைக்ரோபஸ் எங்களை முந்திக்கொண்டு வந்து குறுக்கே நின்றது. என் கால் பிரேக்குக்குப் போகப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துக்கொண்டேன். அரூஸா தானாகவே வேகம் குறைத்து, கரும்புச்சாறுக் கடை ஓரமாக ஒதுங்கி நின்றாள். மைக்ரோபஸ்ஸிலிருந்து ஓட்டுநர் இறங்கி வந்தார். அவர் பெயர் ஷப்ராவி என்பது, வண்டிக்குள்ளிருந்து ஓர் அம்மாள் போட்ட சத்தத்தில் தெரிந்தது.

"ஏம்மா, கைய நீட்டி வழி கேட்டியா இல்லையா?"

"கேட்டேன்" என்றேன். வேறென்ன சொல்வது?

"குடுத்தேனா இல்லையா? பதினாலு பேர வச்சுக்கிட்டு பிரேக் அடிச்சேன். ஹாஜியம்மாவோட தக்காளியெல்லாம் சீட்டுக்கடியில உருண்டு கெடக்கு. கைய தூக்கி ஒரு நன்றி சொன்னா கை சுளுக்கிக்குமா? ரோடு என்ன உங்கப்பா வீட்டு வராந்தாவா?"

"தக்காளிய விடு ஷப்ராவி, எனக்கு நேரமாவுது!" என்றது மைக்ரோபஸ் ஜன்னல்.

எனக்குச் சுருக்கென்றது. அடுத்த நொடியே ரத்தம் தலைக்கேறியது. வாயில் ஏழெட்டுப் பதில்கள் வரிசைகட்டி நின்றன, ஒவ்வொன்றும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி கேட்கக்கூடியவை. என் கை கதவுப் பிடிக்குப் போய்விட்டது.

"அக்கா, இறங்கிடாதீங்க. இறங்கினா போச்சு" என்று லுத்ஃபி முணுமுணுத்தான். பின்னால் டாக்டர் பஹ்கத்தின் பேனா ஏதோ எழுதிக்கொண்டிருந்தது.

கதவை விட்டேன். பிரேக் மேசையை நினைத்துக்கொண்டு இரண்டு கைகளையும் மேலே தூக்கினேன். "தப்புதான் உஸ்தா. மன்னிச்சுக்குங்க" என்றேன். இங்கே ஓட்டுநர்களை உஸ்தா என்றுதான் மரியாதையாக அழைப்போம்.

ஷப்ராவி என் வலது கையைப் பார்த்தார், இடது கையைப் பார்த்தார், பிறகு ஜன்னலில் சாவகாசமாகச் சாய்ந்திருந்த கட்டம்போட்ட சட்டைக்கையைப் பார்த்தார்.

"யா லத்தீஃப்!" என்று அலறிப் பின்வாங்கியதில் கரும்புக் கட்டின்மேல் உட்கார்ந்தேவிட்டார். "மூணு கை! இந்தம்மாவுக்கு மூணு கை!"

மைக்ரோபஸ் காலியானது. பதினாலு பேரும் எங்களைச் சுற்றி நின்றார்கள். லுத்ஃபி ஜன்னலை இறக்கி, திக்கித் திணறி விளக்கினான்.

"அப்ப வண்டிய ஓட்டினது யாரு?" என்றார் ஷப்ராவி.

"வண்டியே ஓட்டுது உஸ்தா."

"வழி கேட்டது?"

"அதுவும் வண்டிதான்."

"நன்றி சொல்லாதது?"

லுத்ஃபி என்னைப் பார்த்தான். "அது நாங்க" என்றான்.

உண்மைதான். ஒன்றரை வருடம் உட்கார்ந்து, விரல் எவ்வளவு குவிய வேண்டும், எத்தனை தரம் ஆட வேண்டும் என்றெல்லாம் எழுதினோம். வழி கிடைத்தபின் என்ன செய்வது என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. எனக்குக் கேட்டுப் பழக்கமில்லை, அவனுக்குக் கிடைத்துப் பழக்கமில்லை. நன்றி சொல்லும் இடத்துக்கு இரண்டு பேருமே போனதில்லை. கெய்ரோவில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லியிருக்கும். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

அப்போதுதான் டாக்டர் பஹ்கத் வாயைத் திறந்தார். "உங்க ஆய்வோட தலைப்பு என்ன?"

"சாலைகிட்டயே பாடம் கத்துக்கற வண்டி, டாக்டர்" என்றான் லுத்ஃபி.

"அப்ப கத்துக்கட்டும். நன்றி சொல்ல வச்சுட்டு, முதல்லேர்ந்து ஒரு தடவை. ஒரே தடவை. இந்தம்மா ஸ்டியரிங்க இன்னும் தொடல, அதனாலதான் இது." பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டார்.

லுத்ஃபி உறையை முன்னால் எறிந்தான். மாட்டிக்கொண்டு, உள்ளங்கையை விரித்துத் தூக்கினேன். ஜன்னலோரக் கையும் தூக்கியது. கூட்டம் முகத்தைச் சுளித்தது.

"அக்கா, இது போடாங்கற மாதிரி இருக்கு."

மறுபடி செய்தேன்.

"இது ராணுவத்துல சல்யூட் அடிக்கற மாதிரி இருக்கு" என்றார் தக்காளி ஹாஜியம்மா. நெஞ்சில் கை வைக்கச் சொன்னார் ஒருவர். நெற்றியில் என்றார் இன்னொருவர். இரண்டு பேரும் அதற்காகச் சண்டையே பிடித்துக்கொண்டார்கள். நான் தூக்கத் தூக்கக் கை இன்னும் விறைத்தது. இத்தனை பேர் பார்க்க, யாருக்கென்றே தெரியாமல் நன்றி சொன்னால் எப்படி வரும்?

ஷப்ராவிக்கு நேரமாகிவிட்டது. எல்லோரையும் அதட்டி ஏற்றிக்கொண்டு, எங்களுக்காக மைக்ரோபஸ்ஸைப் பின்னால் எடுத்தார். அவருக்குப் பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்துத் திட்டினார்கள். பதிலுக்கு அவரும் திட்டிக்கொண்டே எங்களுக்கு வழியைத் திறந்துவிட்டார். பிறகு ஜன்னலில் தலையை நீட்டினார்.

"போய்ட்டு வாங்க இன்ஜினியரம்மா! ஆண்டவன் உங்களுக்கு வழி விடட்டும். பாஸாகாம மட்டும் வந்தீங்க, அந்த மூணாவது கைய நான் ஒடிச்சிருவேன்!"

திட்டவேண்டிய மனிதர் இப்படிச் சொன்னது என்னவோ செய்தது. என் கை தானாக எழுந்தது. அவசரமில்லாமல் விரிந்து, கொஞ்சநேரம் அப்படியே நின்று, இறங்கியது.

"அசைவப் புடிச்சிட்டேன்!" என்று கத்தினான் லுத்ஃபி. "இதான் அக்கா, இதான்!"

உறைக்கும் கைக்கும் இருந்த இணைப்பைத் துண்டித்துவிட்டு, ரவுண்டானாவுக்கு வெளியே போய் முதலிலிருந்து தொடங்கினோம். உறையைக் கழற்றக்கூட எனக்கு நினைவில்லை. ரவுண்டானா வாயிலில் கை நீண்டு கேட்டது. தர்பூசணி ஏற்றிய லாரி ஒன்று முனகிக்கொண்டு நின்றது. அரூஸா நுழைந்தாள். நுழைந்ததும் கை விரிந்து எழுந்தது, கொஞ்சநேரம் நின்றது, இறங்கியது.

லாரி இரண்டு தரம் சின்னதாக ஹாரன் அடித்தது. அட, பரவால்லம்மா, போ என்பதற்கு எங்கள் ஊரில் அப்படித்தான் அடிப்பார்கள். என் வாழ்நாளில் எனக்காக யாரும் அடித்ததில்லை.

உள்வரிசைக்குக் கேட்டாள், கிடைத்தது, நன்றி சொன்னாள். வெளியேற ஒரு பேருந்திடம் கேட்டாள், கிடைத்தது, நன்றி சொன்னாள். அந்தப் பேருந்து எங்கள் தொழிற்சாலையில் செய்தது. பிரேக் நன்றாகவே பிடித்தது. எதிர்ப்புறச் சாலையில் நாங்கள் நேராகப் போய்க்கொண்டிருந்தபோதுதான், முடிந்துவிட்டது என்பது எனக்கு உறைத்தது.

"ஸ்டியரிங்க தொட்டியா?" என்றார் டாக்டர் பஹ்கத்.

"இல்ல, டாக்டர்."

"பிரேக்கு?"

"இல்ல."

"பாஸ். ரெண்டு பேரும்." பேனாவை மறுபடி எடுத்தார். "ஒரு திருத்தம். அந்தச் சட்டைக்கையில பொத்தான் ஒண்ணு இல்ல. தச்சிருங்க."

லுத்ஃபி அவரைக் கட்டிப்பிடித்துவிட்டான். அவர் விடுபடப் பார்த்தார், முடியவில்லை. நான் அழுதுகொண்டே பின்னால் திரும்பி, கையைத் தூக்கினேன். சோதனைதான் முடிந்துவிட்டதே என்று லுத்ஃபி அதற்குள் உறையைத் திரும்ப இணைத்திருக்கிறான் போல. வெளியே அரூஸாவின் கையும் எழுந்தது. அதை அணைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வளாகத்துக்குத் திரும்பும் வழியெல்லாம் கையை இறக்காமலே உட்கார்ந்திருந்தேன். அந்தக் கையைப் பார்த்து டீக்கடைக்காரர் கையசைத்தார், வாயில் காவலாளி எழுந்து நின்று பதில் சலாம் வைத்தார்.