காணாமல் போன கால்மணி நேரம்

1
இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு ராஜினாமாக் கடிதத்தின் பின்பக்கத்தில். கடிதம் அக்கா எழுதியது. சிறுவர்களுக்கு நீச்சல் சொல்லித்தருபவள் அவள். கையில் வேறு தாள் அகப்படாததால் அதன் பின்னாலேயே குறிப்பெடுத்துவிட்டேன். செம திட்டு. போகட்டும், கதை மாட்டிவிட்டதே!

2
முதல் வரி: "நீலத் தண்ணீர் அவளையே பார்த்துக்கொண்டு..." (வேண்டாம். தண்ணீர் யாரையும் பார்க்காது.)

இன்னொன்று: "பதற்றக் கோளாறு என்பது..." (அதை அக்காவின் டாக்டரே சொல்லிவிட்டார்.*)

சரி, நேராகவே வருகிறேன். சனிக்கிழமை வகுப்பில் ஒரு சிறுமி தண்ணீர் குடித்துவிட்டாள். அக்கா தூக்கினாள், சிறுமி இருமினாள், சரியாகிவிட்டாள். அன்றிலிருந்து அக்கா, இனி குளத்துப் பக்கமே போவதில்லை என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். பதினாறு வருட வேலை.

* இந்தக் கோளாறு உள்ள சிலருக்குக் கெட்டது பசை போட்டதுபோல ஒட்டிக்கொள்ளுமாம். நல்லது நழுவிவிடுமாம்.

3
அன்றைய வகுப்பைச் சொல்லச் சொன்னேன். சிறுமியின் சிவப்புத் தொப்பி, எத்தனை முறை இருமினாள், அவள் அம்மா கைப்பையை எப்படி இறுக்கிப் பிடித்தாள் என்று புட்டுப்புட்டு வைத்தாள். மற்ற பதினோரு பிள்ளைகள்?

"இருந்தாங்க," என்றாள். அவ்வளவுதான்.

[இவள் மிகைப்படுத்துகிறாளோ? கதாபாத்திரத்தையே நம்பாத எழுத்தாளன் உருப்பட்ட மாதிரிதான். அன்று குளத்தில் காவலுக்கு நின்ற லைஃப்கார்டுக்குப் போன் போட்டேன், ஸ்பீக்கரில்.]

4
அந்தக் குளத்தில் ஒரு வழக்கம் உண்டு. முதன்முதலாகக் குறுக்கே நீந்திக் கடக்கும் பிள்ளை, கரையில் தொங்கும் மணியை அடிக்க வேண்டும்.

"சனிக்கிழமை மூணு பேர் அடிச்சாங்க மேடம்," என்றார் லைஃப்கார்டு. "கடைசியா அந்தச் சிவப்புத் தொப்பி. இருமல் நின்னதும் அவளே மறுபடி இறங்கினா. நீங்கதான் கரையில கூடவே நடந்து வந்தீங்க. அவ அடிச்ச அடியில கயிறே அறுந்துடுச்சு, இன்னும் கட்டலை."

அக்கா என்னைப் பார்த்தாள். "நானா?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. அவள் வாழ்க்கையிலிருந்து காணாமல் போன கால்மணி நேரம், முழுசாக, சாட்சியோடு கிடைத்திருக்கிறது! துள்ளாத குறை. அவளோ அழுதாள்.

"சொல்லியும் ஞாபகம் வரலைடா. அவ இருமினதுதான் கேக்குது."

5
இப்போது புதிதாக எழுதிய கடிதத்தோடு மேலாளர் அறை வாசலில் நிற்கிறாள். நான் வராந்தாவில் உட்கார்ந்து முடிவு எழுதுகிறேன்.

அ) கொடுத்துவிடுகிறாள்.
ஆ) கொடுக்கவில்லை. அடுத்த வகுப்பில் இன்னொரு பிள்ளை...
இ) வாசலிலேயே மயங்கி...

பாருங்கள், மூன்றும் விபரீதம். நல்லதாக ஒன்றுகூட என் பேனாவில் வரமாட்டேன் என்கிறது. ஒரு வயிற்றுப் பிள்ளைகள், வேறென்ன!

ஆகவே நான்காவது உங்களுடையது.

ஈ) ........................

எழுதியதும் அவளிடம் சத்தமாகச் சொல்லுங்கள். மறந்துவிடுவாள். மறுபடி சொல்லுங்கள்.