வல்லூறுகள் எழும்பும்வரை

"வண்டிய வித்துரப் போறேன்" என்றான் வெர்லின். காப்பியில் சர்க்கரை போதவில்லை என்று சொல்கிற மாதிரி சொன்னான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உன் பொண்டாட்டிய ஒரு வார்த்தை கேட்டியா?"

"இதுல கேக்க என்ன இருக்கு? என்னால ஓட்ட முடியாது. பறவையும் தெரியல. பின்ன எதுக்கு இவ்வளவு தூரம்? மார்ச் கடைசி சனிக்கிழமை டேரின் வந்து ஓட்டிட்டுப் போயிடுவான்."

டேரின் அவன் மகன், இந்த நவம்பரில் வண்டியை இங்கே ஓட்டிவந்து விட்டவன். பொண்டாட்டி ஆர்டிஸ் அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து பம்பளிமாஸ் உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவே இல்லை. அவள் உரித்த வேகத்தைப் பார்த்தால், மனசுக்குள் யாருடைய தோலை உரிக்கிறாள் என்று தெரிந்தது.

நாங்கள் எல்லோரும் வடக்கே பனியில் கிடப்பவர்கள். நவம்பர் பிறந்தால் வீட்டைப் பூட்டிவிட்டு, அடுப்பு, படுக்கை, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கிற பஸ் மாதிரியான வண்டியை எடுத்துக்கொண்டு டெக்சாஸின் தெற்கு மூலையில், இப்படிப்பட்ட வண்டிகள் வந்து நிற்கிற முகாமுக்கு வந்துவிடுவோம். நான் வடக்கு டகோட்டா, தனியாள். ஆர்டிஸும் வெர்லினும் மினசோட்டா. அந்தப் பக்கத்து ஒடில், கனடாக்காரி. எங்கள் மூன்று வண்டிகளும் பல வருஷமாகக் குளக்கரையில் அடுத்தடுத்து நிற்கும். முகப்புக் கண்ணாடி தண்ணீரைப் பார்த்தபடி இருக்கும், படுத்தபடியே கொக்கு பார்க்கலாம். சாயங்காலம் நாலு மணிக்கு நாற்காலிகள் வெளியே வந்துவிடும். ஆறு மணி வரைக்கும் ஊர்வம்பு. அதற்கு வராமல் யாராவது உள்ளேயே இருந்தால், உயிரோடு இருக்கிறாரா என்று போய்க் கதவைத் தட்டிப் பார்ப்போம்.

வெர்லின்தான் எங்கள் எல்லோருக்கும் கண். இலைக்குள் ஒளிந்திருக்கிற விரல் நீளக் குருவியைக்கூட அவன்தான் முதலில் பார்ப்பான். போன கோடையில் அவன் கண்ணின் நடுப்பகுதி கெட்டுப்போனது. நேராக எதைப் பார்த்தாலும் அங்கே ஒரு அழுக்குத் திட்டு. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தெரியும். ஒரு குருவியைப் பார்க்க நினைத்து அதன் பக்கம் திரும்பினால் குருவி காணாமல் போய்விடும். குளிர்காலம் முழுக்க நாங்கள் "அதோ, அதோ" என்று கையை நீட்டும்போதெல்லாம் அவன் "ஆமா, அழகா இருக்கு" என்பான். பொய் சொல்கிறான் என்று எங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும்.

அன்று இருட்டுவதற்குள் ஆர்டிஸ் என் வண்டிக்கு வந்து ஓவென்று அழுதாள்.

"அங்க குளிர்காலம்னா என்னன்னு உனக்குத் தெரியாதா மார்லிஸ்? ஜன்னல் வரைக்கும் பனி. நானும் டிவியும்தான். அவர் பேசவே மாட்டார். இங்க இந்த அஞ்சு மாசம் மனுஷியா இருக்கேன், அதுக்கும் வெச்சுட்டார் வேட்டு."

"அழுது என்னடி ஆகப்போகுது? நீயே ஓட்டு."

"நானா? அந்த யானையவா?"

"நான் முப்பது வருஷம் பனியில ஸ்கூல் பஸ் ஓட்டினவ. உள்ள அறுபது குரங்குங்க. உனக்கு ஒரே ஒரு கெழவன். அவனும் தூங்கிட்டு வருவான்."

இப்படித்தான் ஜனவரியில் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் என் வண்டியை எடுத்துக்கொண்டு, பழம் கட்டி அனுப்புகிற கொட்டகையின் பின்பக்க மைதானத்துக்குப் போவோம். அன்றைக்கு அங்கே ஈ காக்கை இருக்காது. நம்பர் கூப்பிட்டுப் பரிசு கொடுக்கிற பிங்கோ ஆடப் போவதாக வெர்லினிடம் ஆர்டிஸ் சொல்லி வைத்திருந்தாள். முதல் நாள் பிரேக்கை மிதித்த மிதியில் என் அலமாரித் தட்டுகள் எல்லாம் கீழே. இரண்டாம் வாரம் ஒரு குப்பைத்தொட்டி செத்தது. பின்னால் எடுக்கும்போது அழுதேவிட்டாள்.

எங்கள் கூட்டத்தில் பின்னால் எடுப்பது என்பது ஒரு பெரிய விஷயம். புருஷன் ஓட்டுவான், பொண்டாட்டி பின்னால் நின்று கை காட்டுவாள், அவள் காட்டுவது அவனுக்குப் புரியாது, இரண்டு பேரும் கத்துவார்கள், மற்றவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார்கள். இத்தனை வருஷம் கை காட்டிய கை அவளுடையது. ஸ்டீயரிங் பிடித்ததே இல்லை.

"கண்ணாடிய மட்டும் நம்பு. கை காட்டுறவன் கடவுளா இருந்தாலும் நம்பாதே" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். மார்ச் வருவதற்குள் வண்டி அவள் சொன்னபடி கேட்டது. நல்லாவே ஓட்டினாள், சும்மா சொல்லக்கூடாது. ஆனால் வெர்லினிடம் சொல்ல மட்டும் அவளுக்குத் தைரியம் வரவில்லை. இந்த வாரம் சொல்கிறேன், அடுத்த வாரம் சொல்கிறேன் என்று நாளைக் கடத்தினாள். வெள்ளிக்கிழமையும் வந்தது, மத்தியானம் விமானத்தில் டேரினும் வந்து இறங்கிவிட்டான்.

அன்று நாலு மணிக்கு அவளைத் தனியே பிடித்து உலுக்கினேன்.

"இன்னைக்குச் சொல்லாட்டி எப்ப சொல்லுவ? வண்டிய வித்த பெறகா?"

"விடு மார்லிஸ்" என்றாள். அன்று அவள் கண்ணில் தண்ணீர் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "ஓட்டத் தெரியும்கிறதெல்லாம் சரி. ஆனா ஒண்ணுமே தெரியாத மனுஷன, எல்லாரும் பறவை பாக்கற எடத்துக்கு வருஷா வருஷம் எதுக்கு இழுத்துட்டு வரணும்? என் அரட்டைக்காகவா? பாவம்டி அவர்."

ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தேன்.

அப்போதுதான் காற்று திரும்பியது. தெற்கே இருந்து வீசிக்கொண்டிருந்தது சட்டென்று வடக்கே இருந்து வந்து முகத்தில் அடித்தது. மேகம் கருத்துத் தூறல் போட்டது. ஒடில் அண்ணாந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அகலச்சிறகு வல்லூறுகள். வசந்தத்தில் மெக்சிகோ பக்கமிருந்து எங்கள் தலைக்கு மேலே வடக்கே போகிறவை. வழக்கமாகப் பொட்டுப் பொட்டாக உயரத்தில் போகும், கழுத்து வலிக்கப் பார்ப்போம். இன்று எதிர்க்காற்றில் போக முடியாமல் கீழே இறங்கின. முதலில் பத்து, பிறகு நூறு. அதன் பிறகு எண்ணுகிற புத்தியே போய்விட்டது. சீமைக்கருவேல மரங்கள், பனைகள், மின்கம்பம், குளிப்பறைக் கூரை என்று எங்கே இடம் இருந்ததோ அங்கெல்லாம் வந்து உட்கார்ந்தன. என் வண்டியின் கூரையில் நகங்கள் உரசுகிற சத்தம் கேட்டது. மரம் கிடைக்காதவை உழுத வயலில் மண்ணோடு மண்ணாக உட்கார்ந்தன. இத்தனை வருஷத்தில் நான் இப்படிப் பார்த்ததே இல்லை.

"வெர்லின்! வெளிய வாய்யா!" என்று கதவைத் தட்டினேன்.

"நீங்க பாருங்க. நான் மூட்டை கட்டிட்டு இருக்கேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

வல்லூறு ஒன்றிரண்டு இறங்கினாலும் எங்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. அவை தானாக எழும்பிப் போகிறவரை ஒருவரும் எஞ்சின் போடக்கூடாது. நாயைக் கட்டிப்போட வேண்டும். பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்த களைப்பு, அதைக் கலைத்தால் பாவம். யாரும் எழுதி ஒட்டியதில்லை, ஆனால் மீறினவனோடு அடுத்த நாலு மணிக்கு ஒருத்தரும் பேசமாட்டோம்.

மறுநாள் விடிந்தபோது தூறல் விட்டிருந்தது. ஊரே வெளியே நின்றது. அத்தனை பேர் நின்றும் ஒரு இருமல் சத்தம்கூட இல்லை. ஒவ்வொரு கிளையிலும் தோளோடு தோள் ஒட்டி, நனைந்த சிறகை ஒடுக்கி வல்லூறுகள் உட்கார்ந்திருந்தன. கோயிலில்கூட நான் அவ்வளவு அமைதியாக நின்றதில்லை.

டேரினுக்கு இது எதுவும் தெரியாது. சாவியோடு வண்டிப் படியில் ஏறினான். "அம்மா, இப்பவே கெளம்பினாதான் சான் அன்டோனியோ நெரிசல்ல மாட்டாம போகலாம்."

"இப்ப முடியாது" என்றாள் ஆர்டிஸ்.

"பறவைதானே? சத்தம் கேட்டா அதுவே போயிடும்."

ஆர்டிஸ் போய் அவன் கையிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டாள். அவள் அந்தப் பிள்ளையிடம் குரல் உயர்த்திக்கூட நான் பார்த்ததில்லை. "அதுங்க எழும்பற வரைக்கும் இந்த வண்டி அசையாது. உக்காரு" என்றாள். அவன் படியிலேயே உட்கார்ந்தான்.

என்ன தாமதம் என்று கேட்க வெர்லின் வெளியே வந்தான். ஆர்டிஸ் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். பழக்க தோஷத்தில் மரத்தை நேராகப் பார்த்தான், முகம் சுருங்கியது, தலையைக் குனிந்துகொண்டான்.

வெயில் ஏறியது. வயலிலிருந்து ஆவி கிளம்பியது. முதலில் ஒரே ஒரு வல்லூறு எழும்பி, நாலு தடவை சிறகடித்து, சூடான காற்று கிடைத்ததும் சிறகை விரித்து ஒரு வட்டம் போட்டது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவை போல மற்றவை கிளம்பின. ஒரு மரம் காலியானது, அடுத்தது, அடுத்தது. துணி உதறுகிற மாதிரி ஒரு சத்தம் எங்களைச் சுற்றி நாலு பக்கமும் எழுந்தது. வயலே எழும்பி மேலே வந்தது. தலைக்கு மேல் சுழன்றன, ஒரு வட்டத்துக்குள் இன்னொரு வட்டம், அதற்குள் இன்னொன்று, அண்ணாந்தால் வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. நிழல்கள் எங்கள் முகத்தில், கையில், வண்டிகளின் மேல் ஓடின. ஒடில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ஆர்டிஸ்" என்றான் வெர்லின். அவள் கையை இறுக்கிப் பிடித்திருந்தான்.

"என்னங்க? நெஞ்சு வலிக்குதா?"

"தெரியுது."

"எது?"

"எல்லாம் தெரியுதுடி! நேராப் பாத்தா இல்ல. ஆனா ஓரம் பூரா ஓடுது. கண்ண எங்க திருப்பினாலும் சுத்திச் சுத்தி ஓடுது. ஒத்தப் பறவைதான் எனக்குத் தப்பிச்சுப் போகும். இத்தனையும் எங்க போய் ஒளியும்?" சிரித்தான், சிரித்துக்கொண்டே அழுதான். "ஐயோ, எவ்வளவு! எவ்வளவு!"

வாயைப் பிளந்து, குழந்தை போல அந்த இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தான். வல்லூறுகள் உயர உயரப் போய், உச்சியிலிருந்து ஒவ்வொன்றாக வழுக்கி வடக்கே நீண்ட கோடாகப் போயின. கடைசிப் புள்ளி மறைகிறவரை யாரும் நகரவில்லை. டேரின் வானத்தைப் பார்க்கவே இல்லை, அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆர்டிஸ் கண்ணைத் துடைத்தாள். வண்டியில் ஏறி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள்.

"அம்மா, என்ன பண்றே?" டேரின் ஓடினான்.

"பின்னாடி போய் உக்காரு. பெல்ட் போட்டுக்கோ."

"ஆர்டிஸ்" என்றான் வெர்லின், "நெசமாவே உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"ஜனவரியிலேர்ந்து ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை மார்லிஸ் வண்டிய நான்தான் ஓட்டறேன்."

வெர்லின் விரல் விட்டு ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணினான். "அதான் பிங்கோல ஒரு தடவகூட ஜெயிக்கல" என்றான். ஊரே கொல்லென்று சிரித்தது.

வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டும். டேரின் கை காட்டக் கீழே இறங்கப் போனான், வெர்லின் அவனைத் தடுத்தான். "புருஷன் பொண்டாட்டி விஷயம். நீ தள்ளு." பின்னால் போய்க் காலை அகட்டி நின்று, இரண்டு கையையும் தூக்கி, வா வா என்று காட்டினான். அவன் கூப்பிட்ட பக்கத்தில், வண்டிகளுக்குக் கரண்ட் கொடுக்கிற மின்பெட்டி இருந்தது. கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் ஆர்டிஸ் கண்ணாடியில் பார்த்து நிறுத்தி, திருப்பி, ஒரு சாண் இடைவெளியில் அழகாக வெளியே கொண்டுவந்துவிட்டாள். அதன் பிறகுதான் அவன் "நிறுத்து" என்று கையைக் காட்டினான்.

"ரொம்ப சரியா காட்டினீங்க" என்று ஜன்னல் வழியாகச் சொன்னாள். நாங்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றோம்.

அவன் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றேன். ஏதோ திட்டிவிட்டு வரலாம் என்றுதான் போனேன், கதவைத் தட்டிக் கொடுத்ததோடு சரி. வெர்லின் அவள் மேல் சாய்ந்து தலையை நீட்டினான்.

"மார்லிஸ், நவம்பர்ல நாங்க வர்றதுக்குள்ள எங்க எடத்துல எவனாவது வண்டியச் சொருகினா, டயர்ல காத்தப் புடுங்கி விட்ரு."

ஆர்டிஸ் அவனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்த முகத்தை நான் சாகிறவரை மறக்கமாட்டேன்.

"நாலு டயர்லயும் புடுங்கறேன். போங்க" என்றேன்.

வண்டி முகாம் வாசலில் நின்று, விளக்குப் போட்டு, ஓரக்கல்லில் உரசாமல் நெடுஞ்சாலையில் திரும்பியது. நான் நாற்காலியில் உட்கார்ந்து ஒடில் முன்னாலேயே அழுதேன்.